கீழே வெயில், மேலே ஆலங்கட்டி: வசந்தகால மலையோட்டம் தொடங்குபவர்களுக்கு

ஏப்ரல் மாதக் காலை ஒன்பது மணிக்கு இங்கிலாந்தின் கெஸ்விக் ஊரில், மூட் ஹால் என்கிற பழைய மன்றக் கட்டடத்தின் முன்னால் நின்று பாருங்கள். காபிக் கடை வாசலில் அரைக்கைச் சட்டையோடு ஆட்கள் வெயில் காய்ந்துகொண்டிருப்பார்கள். வடக்கே நிமிர்ந்தால் ஸ்கிடா மலையின் உச்சி வெள்ளையாக இருக்கும். ராத்திரி அங்கே பனி பெய்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஏறத்தாழ 850 மீட்டர் உயரம்தான். ஆனால் மேலே நடப்பது வேறொரு மாதம்.

இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள லேக் டிஸ்ட்ரிக்டில் மலையை 'ஃபெல்' என்பார்கள். பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட சொல். இந்த மலைகளில் ஓடுவதுதான் ஃபெல் ரன்னிங். பாதை இருக்கும், திடீரென்று இல்லாமலும் போகும். புல், சேறு, சதுப்பு, சரளை, பாறை எல்லாம் ஒரே ஓட்டத்தில் காலுக்கடியில் வந்துபோகும். ரோட்டில் கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம் என்று கணக்கு வைத்து ஓடியவர்கள் அந்தக் கணக்கை மலையடிவாரத்திலேயே விட்டுவிட வேண்டும்.

இதைத் தொடங்க எனக்குத் தெரிந்து வசந்தகாலத்தைவிட நல்ல பருவம் இல்லை. பகல் வாரத்துக்கு வாரம் நீள்கிறது. பிராக்கன் என்கிற உயரமான பெரணி இன்னும் தலைதூக்காததால் தடங்கள் தெளிவாகத் தெரிகின்றன. வானிலை மட்டும் நிலையாக இருக்காது. அதைப் பழகிக்கொள்ள ஒரு வழி சொல்கிறேன்: மார்ச்சிலிருந்து மே முடியும்வரை ஒரே மலைக்கு, வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில் போங்கள். புதுப்புது மலையாகத் தேடிப் போனால் படம் நிறையச் சேரும், மலை பிடிபடாது. ஒரே மலைக்குப் போகிறவருக்குத்தான் போன வாரம் காய்ந்திருந்த இடம் இந்த வாரம் ஏன் வழுக்குகிறது என்று தெரியும்.

எந்த மலை?

வீட்டிலிருந்து அரைமணியில் போய்ச் சேரக்கூடியதாக இருக்கட்டும். 300, 400 மீட்டர் உயரம் போதும். எங்கிருந்து பார்த்தாலும் இறங்கும் வழி தெரிய வேண்டும். செங்குத்துப் பாறை இல்லாத புல் மலை நல்லது.

கெஸ்விக் பக்கம் இருப்பவர்களுக்கு லாட்ரிக் இருக்கிறது. உயரம் 368 மீட்டர். ஊரிலிருந்து ஸ்பூனி கிரீன் லேன் வழியாக, ஏ66 சாலைக்கு மேலே உள்ள பாலத்தைத் தாண்டி, மரங்களுக்கு நடுவே ஏறும் பாதை. போக வர 8 கிலோமீட்டர் அளவுக்கு வரும், ஏற்றம் 290 மீட்டர் போல. மேலே அகலமான புல்வெளி, டெர்வென்ட்வாட்டர் ஏரி முழுசாகக் காலடியில் தெரியும். ஆம்பிள்சைட் பக்கம் என்றால் லஃப்ரிக் ஃபெல், 335 மீட்டர். அதில் குறுக்கும் நெடுக்குமாகத் தடங்கள் அதிகம், மூடுபனியில் வழி குழப்பும். முதல் மலையாக லாட்ரிக்கையே சொல்வேன்.

நன்றாக வெளுத்த ஒரு நாளில் முதலில் நடந்தே போய்வாருங்கள். வேலி எங்கே, கதவு எங்கே, பாதை எங்கே பிரிகிறது, காற்று எந்தத் திருப்பத்தில் முகத்தில் அறைகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

காலுக்கும் பைக்கும்

செலவு செய்ய வேண்டிய முதல் பொருள் ஷூ. அடியில் ஆழமான ரப்பர் பற்கள் வேண்டும், ஆறு மில்லிமீட்டருக்குக் குறையாமல். ரோட்டு ஷூ நனைந்த புல்லில் சோப்பு மாதிரி வழுக்கும். வால்ஷ், இனோவ்-8 இரண்டும் வடக்கு இங்கிலாந்திலேயே தொடங்கிய கம்பெனிகள். இந்த மண்ணுக்கென்று செய்த ஷூக்கள் அவற்றில் கிடைக்கும். எதை வாங்கினாலும் கடையில் போட்டுப் பார்த்து, குதிகால் ஆடாததாக எடுங்கள். ஷூவுக்குள் தண்ணீர் புகத்தான் செய்யும். உள்ளே வந்த தண்ணீர் வெளியே போக வேண்டும் என்பதால், தண்ணீர் புகாத வகை ஷூ இங்கே வேண்டாம். கம்பளி சாக்ஸ் நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும்.

பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம். நனைந்தால் உடம்போடு ஒட்டிக்கொண்டு சூட்டையெல்லாம் இழுத்துவிடும். மெல்லிய கம்பளியோ பாலியஸ்டரோ போடுங்கள்.

முதுகுப் பையோ இடுப்புப் பையோ, ஒவ்வொரு முறையும் அதில் இருக்க வேண்டியவை இவை: தலைமூடி சேர்ந்த மழைக்கோட்டு (தையல் ஓரங்களில் உள்பக்கம் நாடா ஒட்டியிருக்க வேண்டும், காற்றை மட்டும் தடுக்கும் மெல்லிய சட்டை மழைக்கு நிற்காது), மழைக்கால்சட்டை, குல்லா, கையுறை, மேப், திசைகாட்டி, விசில், கொஞ்சம் தின்பதற்கு, சார்ஜ் ஏற்றிய போன். இங்கே நடக்கும் மலையோட்டப் போட்டிகளில் கேட்கும் பட்டியலும் ஏறக்குறைய இதுதான். மார்ச் மாதம் சாயங்காலம் போனால் தலையில் கட்டும் டார்ச்சும் சேர்த்துக்கொள்ளுங்கள். தின்பதற்கு நான் வைத்துக்கொள்வது பேரீச்சம்பழம். எவ்வளவு குளிர்ந்தாலும் பல்லுக்கு மெத்தென்றே இருக்கும்.

வெயில் அடிக்கிறதே, இதெல்லாம் எதற்கு என்று தோன்றும் நாளில்தான் இவை தேவைப்படும்.

முந்தின இரவு வானிலை பார்ப்பது

இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஊருக்கான வானிலையைப் பார்த்து மலைக்குப் போவதுதான் புதிதாக வருகிறவர்கள் அதிகம் செய்யும் தவறு. மலைக்கென்று தனி அறிக்கை இருக்கிறது. பிரிட்டனின் வானிலைத் துறையான மெட் ஆபீஸ் ஒன்று தருகிறது, மவுண்டன் வெதர் இன்ஃபர்மேஷன் சர்வீஸ் இன்னொன்று தருகிறது. இரண்டையும் படியுங்கள். குளிர்காலத்தில் லேக் டிஸ்ட்ரிக்ட் வெதர்லைன் என்கிற வானிலைச் சேவைக்காக ஒருவர் தினமும் ஹெல்வெலின் மலை ஏறி, உச்சியில் பனி எப்படி இருக்கிறது, காற்று எவ்வளவு என்று நேரில் அளந்து எழுதுகிறார். மார்ச்சில் ஓடுகிறவர்களுக்கு அந்தக் குறிப்பு பெரிய உதவி.

அறிக்கையில் நான் பார்க்கும் வரிசை: முதலில் காற்று, அப்புறம் மேகம் எந்த உயரத்தில் நிற்கிறது, அப்புறம் உறைநிலை எந்த உயரத்தில், கடைசியாகத்தான் மழை.

காற்றை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 0.65 டிகிரி குறையும். கெஸ்விக்கில் 12 டிகிரி என்றால், 931 மீட்டர் ஸ்கிடா உச்சியில் 6 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே. இதுவரை பரவாயில்லை. அங்கே மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று அடித்தால் அந்த 6 டிகிரி உடம்புக்குப் பூஜ்யம் மாதிரிதான் தெரியும். அதுவும் காய்ந்த உடம்புக்கு. வியர்வையிலும் மழையிலும் நனைந்த உடம்புக்கு இன்னும் மோசம். ஆகவே முகட்டில் காற்று மணிக்கு 40 மைலை (ஏறத்தாழ 64 கிலோமீட்டரை) தாண்டும் என்று எழுதியிருந்தால், புதியவர்கள் அன்றைக்கு மரங்களுக்குள் கீழேயே ஓடட்டும். கிழமை தவறக் கூடாது, உயரத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

ஏப்ரலின் மழைக்கு ஒரு குணம் உண்டு. வடக்கிலிருந்து வரும் காற்று இன்னும் குளிராகவே இருக்கும், வெயிலோ தரையைச் சூடாக்கிவிடும். சூடான காற்று மேலெழுந்து, காலையில் பஞ்சுபோல இருந்த மேகம் மதியத்துக்குள் கோபுரமாக வளர்ந்துவிடும். அப்புறம் இருபது நிமிட மழை, ஆலங்கட்டி, சில நாள் இடி. பிறகு மறுபடி வெயில். இப்படிப்பட்ட நாட்களில் காலையில் சீக்கிரம் போய்விடுவது நல்லது. இடி கேட்டால் முகட்டில் நிற்காதீர்கள், யோசிக்காமல் இறங்குங்கள்.

கிழக்கே ஈடன் பள்ளத்தாக்குப் பக்கம் ஓடுகிறவர்களுக்கு இன்னொன்று: ஹெல்ம் காற்று. கிராஸ் ஃபெல் மலையைத் தாண்டி வடகிழக்கிலிருந்து சரிந்து விழும் காற்று, குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்திலும் அதிகம் வரும். பிரிட்டனில் தனக்கென்று பெயர் வாங்கிய ஒரே காற்று இதுதான். மலைமேல் நீளமாக ஒரு மேகம் தொப்பி போட்டது போல உட்கார்ந்திருந்தால் அது வீசுகிறது என்று அர்த்தம்.

மே மாதம்வரைகூட உயரமான மலைகளின் வடகிழக்கு ஓடைப் பள்ளங்களில் பழைய பனி கிடக்கும். காலையில் அது கண்ணாடி போல இறுகியிருக்கும். ரப்பர் பல் அதில் ஏறாது. சுற்றிப் போங்கள், சுற்ற வழியில்லை என்றால் திரும்பிவிடுங்கள்.

ஏறுவதும் இறங்குவதும்

ஏற்றத்தில் நடக்கலாம். இதை யாராவது முதலிலேயே சொல்லிவிட்டால் எத்தனையோ பேர் இரண்டாம் வாரமும் வருவார்கள். போட்டிகளில் முன்னால் போகிறவர்களே செங்குத்தான இடத்தில் நடக்கத்தான் செய்கிறார்கள். உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, உள்ளங்கையை முழங்காலுக்கு மேலே தொடையில் ஊன்றி, ஒவ்வொரு அடிக்கும் ஒரு தள்ளு. அடி சின்னதாக இருக்கட்டும், மூச்சு ஒரே சீராக. பக்கத்தில் வருகிறவரோடு ஒரு வாக்கியம் பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம்.

முதல் மூன்று வாரம் ஏற்றம் முழுக்க நடை, உச்சிப் புல்வெளியிலும் இறக்கத்திலும் மட்டும் ஓட்டம். நான்காம் வாரத்திலிருந்து ஏற்றத்தில் சரிவு தணிகிற துண்டுகளில் ஓடிப்பாருங்கள். ஆறாம், ஏழாம் வாரத்தில் தூறல் விழும் நாளாகப் பார்த்துப் போங்கள். தெரிந்த மலையில், தெரிந்த பாதையில், மழைக்கோட்டை எப்போது எடுத்துப் போடுவது என்று பழக அது நல்ல சந்தர்ப்பம்.

இறக்கம்தான் கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை. பயத்தில் உடம்பைப் பின்னால் சாய்த்தால் கால் முன்னால் வழுக்கி உட்கார்ந்துவிடுவீர்கள். இடுப்பைக் காலுக்கு நேர் மேலே வைத்து, முழங்காலை லேசாக மடித்து, அடிகளைக் குட்டையாகவும் வேகமாகவும் வையுங்கள். கண் மூன்று நான்கு காலடி முன்னால் இருக்க வேண்டும். இப்போது வைக்கும் அடியைப் பார்த்தால் அடுத்த அடி தப்பும். கைகள் இரண்டும் விரிந்து ஆடட்டும். புல்லில் குதிகால் ஊன்றலாம், கல்லில் கூடாது. பாசி படிந்த ஈரப் பாறையை மட்டும் எந்த ஷூவோடும் நம்பாதீர்கள். பச்சை நிறம் திடீரென்று வெளிறி, பாசிமெத்தை மாதிரி தெரிகிற இடம் சதுப்பு. முழங்கால்வரை போகும். ஓரமாக நாணல் நிற்கிற இடத்தில் கொஞ்சம் பிடிப்பு இருக்கும்.

இறங்கிய மறுநாள் தொடை முன்பக்கம் படிக்கட்டு இறங்க விடாது. இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும்.

கிளாக் இறங்கினால்

மலையை மூடும் மேகத்தை இங்கே 'கிளாக்' என்பார்கள். ஐந்து நிமிடத்தில் வரும். இருபது அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. தெரிந்த மலைகூட அந்நியமாகிவிடும், ஆட்டுத்தடம் எல்லாம் பாதை போலவே தெரியும். அந்த நேரத்தில் ஓடக் கூடாது. நின்று மேப்பை எடுக்க வேண்டும்.

திசைகாட்டியைப் பழக ஒரு வெயில் நாள் போதும். மேப்பில் நீங்கள் நிற்கும் இடத்தையும் போக வேண்டிய இடத்தையும் திசைகாட்டித் தட்டின் ஓரத்தால் இணையுங்கள், தட்டின் அம்பு போக வேண்டிய பக்கம் பார்க்கட்டும். வட்டத்தைத் திருப்பி, அதற்குள் இருக்கும் கோடுகளை மேப்பின் வடக்குக் கோடுகளோடு இணையாக வையுங்கள். பிறகு தட்டை நெஞ்சுக்கு முன்னால் பிடித்து, சிவப்பு முள் வட்டத்தில் வரைந்த அம்புக்குள் உட்காரும்வரை உங்கள் உடம்பைத் திருப்புங்கள். தட்டின் அம்பு காட்டுவதுதான் உங்கள் திசை. அந்தத் திசையில் கண்ணுக்குத் தெரியும் ஒரு கல்லைக் குறிவைத்துப் போய்ச் சேர்ந்து, மறுபடி அங்கிருந்து ஒரு கல். பிரிட்டனில் இப்போது காந்த வடக்குக்கும் மேப் வடக்குக்கும் வித்தியாசம் மிகவும் குறைவு, அதனால் புதியவர்களுக்குக் கூட்டல் கழித்தல் தொல்லை இல்லை.

கடிகாரத்தில், போனில் வழி காட்டும் வசதி இருக்கிறதே என்றால், சரி, இருக்கட்டும். ஆனால் குளிரில் பேட்டரி மளமளவென்று இறங்கும், ஈர விரலுக்குத் திரை அசையாது.

திரும்புவது

நான் மலையோட்டம் தொடங்கிய இரண்டாம் வசந்தம். லாட்ரிக்குக்குப் பின்னாலிருந்து ஸ்கிடாவுக்கு ஏறும் ஜென்கின் ஹில் பாதை. கீழே கிளம்பும்போது வெயில், கையுறையைப் பையின் அடியில் திணித்து, அதன்மேல் மழைக்கோட்டு, அதன்மேல் சாப்பாடு. அறுநூறு மீட்டருக்கு மேலே மேற்கிலிருந்து ஆலங்கட்டி வந்தது, குறுக்காக, கன்னத்தில் ஊசி குத்துவது போல. நின்று பையைத் திறக்கப் பார்த்தேன். ஜிப்பின் சின்ன உலோக நாக்கை விரல் பிடிக்கவில்லை. விரல் இருப்பது தெரிகிறது, மடங்கவில்லை. கடைசியில் பல்லால் கடித்துத்தான் இழுத்துத் திறந்தேன். கோட்டைப் போட்டுக்கொண்டு அங்கிருந்தே இறங்கிவிட்டேன். மரத்தடிக்கு வந்து கையை அக்குளில் வைத்துக்கொண்டு நின்றபோது, விரலில் ரத்தம் திரும்பி வந்த வலியில் கண்ணில் நீர் வந்தது.

அன்றிலிருந்து என் பையின் எல்லா ஜிப்பிலும் விரல் நுழைகிற அளவுக்குக் கயிற்று வளையம் கட்டியிருக்கிறேன். கையுறை மேலேயே இருக்கும். குளிர்ந்த பிறகு போடுவதில்லை, காற்று தொடங்கும் இடத்துக்கு முன்பே போட்டுவிடுவேன். நீங்களும் செய்யுங்கள்.

இன்னொன்று, எந்த இடத்தில், எந்த நேரத்தில் திரும்புவது என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள். 'பதினொன்றரைக்குள் வேலியைத் தொடாவிட்டால் திரும்புகிறேன்' என்பது போல. நடுங்கிக்கொண்டு நிற்கும்போது எடுக்கும் முடிவு நல்ல முடிவாக இருக்காது. கூட வருபவர் பேச்சுக் குழறுகிறார், காரணமில்லாமல் எரிச்சல்படுகிறார், அடிக்கடி தடுக்குகிறார் என்றால் உடம்பு உள்ளே குளிர்ந்துகொண்டிருக்கிறது. உடனே மேலே ஒரு அடுக்கு போட்டுவிட்டு, தின்னக் கொடுத்து, இறக்கிக் கூட்டி வாருங்கள்.

அடிபட்டு அசைய முடியாவிட்டால் 999-ஐ அழைத்து முதலில் போலீஸ் கேளுங்கள், அவர்களிடம் மவுண்டன் ரெஸ்க்யூ வேண்டும் என்று சொல்லுங்கள். வருகிறவர்கள் அத்தனை பேரும் தொண்டர்கள், காசு வாங்குவதில்லை. பேச சிக்னல் போதாத இடத்தில் எஸ்எம்எஸ் போகலாம், ஆனால் அதற்கு முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும்: 'ரெஜிஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை 999-க்கு அனுப்பி, வரும் பதிலில் சொல்வது போலச் செய்யுங்கள். இன்றைக்கே செய்துவிடுங்கள். விசிலில் நிமிடத்துக்கு ஆறு ஊதல், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. கிளம்புமுன் வீட்டில் யாரிடமாவது எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

ஆடுகளின் வீடு

ஏப்ரல் நடுவிலிருந்து ஹெர்ட்விக் என்கிற உள்ளூர்ச் செம்மறி ஆடுகள் குட்டி போடும். சாம்பல் உடம்பு, வெள்ளை முகம். குட்டிகள் மட்டும் கறுப்பாகப் பிறக்கும். மேலே வேலி இல்லாத மலையிலும் ஒவ்வொரு மந்தையும் தன் பகுதியை விட்டு விலகாது. தாயோடு திரிந்தே குட்டி அந்த எல்லையைக் கற்றுக்கொள்கிறது. சினை ஆட்டையோ ஈன்ற ஆட்டையோ பார்த்தால் ஓட்டத்தை நிறுத்தி, சுற்றி நடந்து போங்கள். தாயும் குட்டியும் இருபக்கமாகப் பிரியும்படி நடுவே புகாதீர்கள். நாய் கூட வந்தால் கயிற்றில் பிடியுங்கள். தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காக மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை திறந்தவெளி மலைகளில் இது சட்டமே. திறந்த கதவைத் திறந்தபடியும் மூடிய கதவை மூடியபடியும் விட்டுப் போங்கள்.

சூடு ஏற ஏற உண்ணிகளும் வரும். வீடு வந்ததும் முழங்காலுக்குப் பின்னால், தொடை இடுக்கில், இடுப்புப் பட்டி ஓரத்தில் பாருங்கள். கடித்திருந்தால் நுண்ணிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். அடுத்த வாரங்களில் அந்த இடத்தில் வட்டமாகச் சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போங்கள், லைம் நோயாக இருக்கலாம்.

அதற்கப்புறம்

எட்டு, பத்து வாரம் ஆனபிறகு ஒரு படி மேலே போகலாம். லாட்ரிக் பழகியவர்களுக்கு அடுத்தது 715 மீட்டர் லான்ஸ்கேல் ஃபெல், அப்புறம் ஸ்கிடா. ஊரிலிருந்து ஸ்கிடா போக வர 14, 15 கிலோமீட்டர்.

போட்டிக்கு ஆசை வந்தால், 1970-இல் தொடங்கிய ஃபெல் ரன்னர்ஸ் அசோசியேஷனின் நாட்காட்டியைப் பாருங்கள். போட்டிகளுக்கு ஏ, பி, சி என்று எழுத்து இருக்கும். கிலோமீட்டருக்குச் சராசரியாக 50 மீட்டர் ஏறினால் ஏ, 25 என்றால் பி, 20 என்றால் சி. கூடவே நீளத்துக்கு எஸ் (10 கிலோமீட்டர் வரை), எம் (20 வரை), எல் (அதற்கு மேல்). நீங்கள் வாராவாரம் போய்வந்த லாட்ரிக் இந்தக் கணக்கில் பி அளவு, ஸ்கிடா ஏ அளவு. முதல் போட்டி பிஎஸ் அல்லது சிஎஸ் ஆக இருக்கட்டும். பாதியில் விலக நேர்ந்தால் முடிவிடத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் மலையில் உங்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

மூட் ஹால் வாசலைப் பற்றி இன்னொரு செய்தி. 1932 ஜூனில் பாப் கிரஹாம் என்கிற விடுதிக்காரர் அங்கிருந்து கிளம்பி, 24 மணி நேரத்துக்குள் 42 மலையுச்சிகளைத் தொட்டு அங்கேயே திரும்பி வந்தார். இன்றும் அதே சுற்றை முயல்கிறவர்கள் அந்தக் கதவைத் தொட்டுத்தான் முடிப்பார்கள். மே, ஜூன் மாதங்களில் ஏதாவது ஒரு நேரத்தில், சேறு அப்பிய காலோடு அந்தப் படியில் உட்கார்ந்திருக்கும் ஒருவரை நீங்களே பார்க்கலாம்.

ஓடி முடித்ததும் முதல் வேலை ஈரத்துணியை மாற்றுவது. டீ அதற்கப்புறம். ஷூவைக் குழாயடியில் கழுவி, உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வையுங்கள், அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள், பசை விட்டுவிடும். பிறகு ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள். அறிக்கை என்ன சொன்னது, மேலே என்ன இருந்தது, எங்கே திரும்பினீர்கள். என் நோட்டிலிருந்து ஒரு வசந்தத்தின் சில வரிகள்:

மார்ச் 11. அறிக்கையில் மேகம் 500 மீ. என்றிருந்தது, 300-லேயே கிளாக். உச்சிப் பெஞ்சு கைக்கெட்டும் தூரம் வந்தபிறகுதான் தெரிந்தது. முழுக்க நடை.

ஏப்ரல் 8. கீழே 11 டிகிரி. மரம் முடியும் இடத்தில் கையுறை போட்டேன். இரண்டு முறை ஆலங்கட்டி. மேல் கதவிலேயே திரும்பினேன்.

ஏப்ரல் 22. கிழக்குக் காற்று, காய்ந்த தரை. ஸ்பூனி கிரீன் லேனுக்கு மேலே முதல் கறுப்புக் குட்டி.

மே 13. மாலை ஏழரைக்குக் கிளம்பினேன். பாலத்திலிருந்து உச்சிவரை நிற்கவில்லை. ஒன்பது மணிக்கும் வெளிச்சம். கோட்டு பையிலேயே இருந்தது.